ஒற்றையா, இரட்டையா? இணை சேர்த்துப் பார்ப்போம்

ரப்பர் காய்கள் வெயிலில் வெடித்து விதைகள் சிதறும் பருவம் அது. பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் மாலைக் கூட்டத்தில் பேசுவதற்காக நாம் சென்றிருந்தோம். கூட்டம் தொடங்கச் சிறிது நேரமிருந்தது. கோயில் வாசற்படியில் ஐந்தாறு சிறுவர் சிறுமியர் ரப்பர் விதைகளைக் குவித்து வைத்துக்கொண்டு ‘ஒற்றையா, இரட்டையா’ விளையாடிக்கொண்டிருந்தனர்.

இவ்விளையாட்டை அறியாதார் நம்மிடையே இலர். ஒருவர் சில விதைகளைக் கைக்குள் மறைத்து, மூடிய கையை நீட்டுவார். எதிரிலிருப்பவர் ‘ஒற்றை’ என்றோ ‘இரட்டை’ என்றோ சொல்ல வேண்டும். சொன்னது சரியானால் கையிலுள்ள விதைகள் அவருக்குச் சேரும். அடுத்து விதையை மறைக்கும் முறையும் அவருக்கே.

ஒரு சிறுமி கையை நீட்டினாள். எதிரிலிருந்த சிறுவன் ‘இரட்டை’ என்றான். அவள் சிரித்தவாறே கையை விரித்தாள். கையில் ஒரு விதைகூட இல்லை! உடனே வழக்கு மூண்டது. “நான்தான் வென்றேன்” என்றான் சிறுவன். “ஒன்றுமே இல்லாதது எப்படி இரட்டையாகும்?” என்றாள் சிறுமி. “ஒற்றையும் இல்லை, இரட்டையும் இல்லை, இந்த ஆட்டம் செல்லாது” என்றான் மற்றொருவன். பெறுவதற்கு விதையில்லை என்றாலும், அடுத்த முறை யாருக்கு என்பதே வழக்கு. முடிவில் அனைவரும் நம்மிடம் வந்து, “ஐயா, நீங்களே சொல்லுங்கள்” என்றனர்.

அருகிலிருந்த பெரியோரை நோக்கினோம். அவர்களும் மூன்று கட்சியாகப் பிரிந்தே நின்றனர்! எளிதென்று நாம் கருதும் ஒற்றை இரட்டையில் எத்துணைக் குழப்பம் மறைந்திருக்கிறது என்பதை அன்று உணர்ந்தோம். அக்குழப்பங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

இணை சேர்த்தலே அடிப்படை

ஒரு கைப்பிடி விதைகளை மேசைமீது கொட்டுங்கள். அவற்றை இரண்டிரண்டாக இணை சேர்த்து வையுங்கள். எல்லா விதைகளும் இணை சேர்ந்துவிட்டால், அவ்வெண்ணிக்கை இரட்டைப்படை எண். ஒரு விதை மட்டும் துணையின்றித் தனித்து நின்றால், அஃது ஒற்றைப்படை எண். இதற்கு மேல் இலக்கணம் வேண்டுவதில்லை.

6 விதைகள் மூன்று இணைகளாகும், மீதமில்லை. எனவே 6 இரட்டைப்படை. 7 விதைகள் மூன்று இணைகளும் ஒரு தனி விதையும் ஆகும். எனவே 7 ஒற்றைப்படை. பள்ளியில் மாணவர்களை இருவர் இருவராக வரிசையில் நிறுத்தும்போது, கடைசி மாணவருக்குத் துணை கிடைக்கிறதா என்று பார்ப்பதும் இதுவேயாகும்.

இதையே வேறு வகையாகவும் கூறலாம். ஒரு முழு எண்ணை மீதமின்றி இரு சம முழுப் பங்குகளாகப் பிரிக்க முடியுமானால் அஃது இரட்டைப்படை; ஒன்று மீதமானால் ஒற்றைப்படை. ஏறக்குறைய கி.மு. 300ஆம் ஆண்டளவில் வாழ்ந்த யூக்ளிட் என்னும் கிரேக்கக் கணித அறிஞர், தமது பெருநூலின் ஏழாம் பகுதியில் இவ்வாறே இவ்விரு வகை எண்களையும் வரையறுத்தார்.

வெறுங்கை வழக்கின் தீர்ப்பு

இப்போது கோயில் வாசலுக்கு மீள்வோம். வெறுங்கையில் உள்ள விதைகள் 0. அவற்றை இணை சேர்க்கும்போது துணையின்றித் தனித்து நிற்கும் விதை உண்டா? இல்லை. அவ்வாறாயின் 0 இரட்டைப்படை எண்ணே. சிறுவன்தான் வென்றான்.

சிறுமி எளிதில் ஒப்பவில்லை. “இணையே இல்லையே, ஐயா!” என்றாள். நல்ல கேள்வி. ஆனால், எத்தனை இணைகள் உள்ளன என்பதன்று நம் வினா. தனித்து நிற்பது உண்டா என்பதே வினா. அவளுக்கு மற்றொரு வழியும் காட்டினோம். 8 விதைகளை எடுத்து இரண்டிரண்டாக அகற்றச் சொன்னோம். 8, 6, 4, 2 என்று குறைந்துவந்தது. ஒவ்வொரு முறையும் “ஒற்றையா, இரட்டையா?” என்று கேட்டோம். “இரட்டை, இரட்டை” என்றே விடை வந்தது. கடைசி இணையையும் அகற்றினாள், மேசை வெறுமையாயிற்று. “ஓர் இணையை எடுத்தால் வகை மாறுமா?” என்றோம். சிறிது நேரம் எண்ணினாள். பின்னர், “மாறாது. அப்படியென்றால் இதுவும் இரட்டைதான்” என்று அவளே தீர்ப்புக் கூறினாள்.

எண்களின் வரிசையும் இதற்குச் சான்று பகரும். ஒற்றையும் இரட்டையும் மாறிமாறியே வருகின்றன. 3 ஒற்றை, 2 இரட்டை, 1 ஒற்றை. ஆகவே 1க்கு முன்னுள்ள 0 இரட்டையாகவே இருத்தல் வேண்டும். சுழியத்திற்குக் கீழே சென்றாலும் அவ்வொழுங்கு குலைவதில்லை. −1 ஒற்றை, −2 இரட்டை.

சொல்லே தரும் குழப்பம்

நாம் ஆசிரியப் பயிற்சி முடித்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றிய காலத்தில் நேர்ந்த ஒரு தவற்றை இங்குக் கூறியாக வேண்டும். தவறு மாணவியுடையதன்று, நம்முடையது.

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பத்து எண்களைத் தந்து, ஒவ்வொன்றும் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று எழுதச் சொன்னோம். 7, 8, 12, 15, 33, 4, 20, 9, 46, 51 என்பன அவ்வெண்கள். ஒரு மாணவி 7, 8, 4, 9 ஆகியவற்றை ஒற்றை என்றும், ஏனைய ஆறையும் இரட்டை என்றும் எழுதியிருந்தாள். பத்தில் ஐந்து சரி, ஐந்து தவறு. கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவருக்கும் ஏறத்தாழப் பாதி சரியாக அமையும் அல்லவா? எனவே, பாடத்தைக் கவனிக்காமல் வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறாள் என்று முடிவு கட்டினோம். வகுப்பின் முன் நிற்க வைத்துக் கடிந்துகொண்டோம். அவள் ஒரு சொல்லும் மறுமொழி கூறவில்லை. அதன்பின் கணக்குப் பாடவேளையில் கைதூக்குவதையும் விட்டுவிட்டாள்.

சில வாரங்களுக்குப் பிறகு, உடன் பணியாற்றிய மூத்த ஆசிரியை ஒருவர் அப்பயிற்சி ஏட்டைப் புரட்டினார். அவர் நம்மைப்போல் முடிவு கட்டவில்லை, அவளை அருகழைத்து, “ஏனம்மா இப்படி எழுதினாய்?” என்று மட்டும் வினவினார். அவள் தயங்கியவாறு, “ஓர் எண் மட்டும் இருந்தால் ஒற்றை, இரண்டு எண் சேர்ந்திருந்தால் இரட்டை, டீச்சர்” என்றாள்.

ஏட்டை மீண்டும் பார்த்தோம். பத்து விடைகளும் ஒரே விதியின்படி, சிறிதும் பிசகாமல் எழுதப்பட்டிருந்தன! அவள் ஊகிக்கவில்லை; ஆழ்ந்து சிந்தித்திருக்கிறாள். ‘ஒற்றை இலக்க எண்’, ‘ஒற்றைப்படை எண்’ என்னும் இரு வழக்குகளையும் ஒன்றெனக் கொண்டதே அவள் செய்த பிழை. இலக்கம் என்பது எண்ணை எழுதும் குறி. 8ஐ எழுத ஒரு குறி போதும். எனவே அஃது ஒற்றை இலக்க எண். ஆனால் 8 விதைகள் நான்கு இணைகளாக அமைவதால் அது இரட்டைப்படை. 15ஐ எழுத இரு குறிகள் வேண்டும். எனவே ஈரிலக்க எண். ஆனால் 15 விதைகளில் ஒன்று தனித்து நிற்பதால் அஃது ஒற்றைப்படை.

இதனோடு ஒட்டிய மற்றொரு குழப்பமும் உண்டு. இரட்டைப் பிள்ளை, இரட்டை வாழைப்பழம் என்று ஒத்த இரண்டை இரட்டை என்கிறோம். அதனால் 33, 55, 77 போன்ற எண்களில் ஒரே இலக்கம் இருமுறை வருவதைக் கண்டு, சில பிள்ளைகள் அவற்றை இரட்டைப்படை என்று கருதுகின்றனர். 33 விதைகளை எண்ணி இணை சேர்த்தால், பதினாறு இணைகளுக்குப் பிறகு ஒன்று தனித்து நிற்பதைக் கண்ணாரக் காணலாம்.

பிற மொழிகளிலும் இத்தகைய இடர் இல்லாமலில்லை. மலாய் மொழியில் இரட்டைப்படையைக் ‘கெனாப்’ என்றும், ஒற்றைப்படையைக் ‘கஞ்சில்’ என்றும் கூறுவர். ‘கெனாப்’ என்பதற்கு முழுமை பெற்றது என்ற பொருளும், ‘கஞ்சில்’ என்பதற்கு வழக்கத்திற்கு மாறானது என்ற பொருளும் உண்டு. ஆங்கிலத்தில் ஒற்றைப்படையைக் குறிக்கும் ‘ஆட்’ என்னும் சொல்லும் விந்தையானது என்றே பொருள்படும். தமிழ்ப்பள்ளியில் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இச்சொற்களை முன்னரே அறிந்திருத்தல் நலம். சொல் எம்மொழியில் இருப்பினும், சோதனை ஒன்றே: இணை சேர்த்தால் மீதம் உண்டா?

கடைசி இலக்கம் ஏன் போதும்?

3,574 என்னும் எண்ணைக் காட்டி, ஒற்றையா, இரட்டையா என்று கேட்டால், சில மாணவர் முதல் இலக்கமாகிய 3ஐப் பார்த்து ஒற்றை என்பர். வேறு சிலர் 3, 5, 7 என மூன்று ஒற்றைகளும் 4 என ஓர் இரட்டையும் இருப்பதால் பெரும்பான்மைப்படி ஒற்றை என்பர். எண்களுக்குள் தேர்தல் நடப்பதில்லை! கடைசி இலக்கமாகிய 4 மட்டுமே முடிவு செய்யும். 3,574 இரட்டைப்படை.

‘கடைசி இலக்கத்தைப் பார்’ என்று விதியை மட்டும் மனனம் செய்வித்தால் போதாது. காரணத்தையும் காட்ட வேண்டும். தென்னை ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். ஒரு கட்டில் உள்ள பத்து ஈர்க்குகளும் ஐந்து இணைகளாகிவிடும், மீதம் வராது. நூறு என்பது பத்துக் கட்டுகள். ஆயிரம் என்பது நூறு கட்டுகள். ஆகவே கட்டுகளில் உள்ளவை எத்தனையாயினும் அவை முழுமையாக இணை சேர்ந்துவிடும். கட்டில் சேராமல் உதிரியாக நிற்கும் ஈர்க்குகளே முடிவைத் தரவல்லன. அவ்வுதிரியே ஒன்றாம் இடத்து இலக்கம். அது 0, 2, 4, 6, 8 ஆயின் இரட்டைப்படை. 1, 3, 5, 7, 9 ஆயின் ஒற்றைப்படை.

இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் பிழையும் சில ஏடுகளில் தென்படுகிறது. ஓர் எண் மூன்றால் வகுபடுமா என்று அறிய இலக்கங்களைக் கூட்டுவது உண்மையே. அவ்விதியை இங்குக் கொண்டுவரலாகாது. 13இன் இலக்கங்களைக் கூட்டினால் 4, அஃது இரட்டை. ஆனால் 13 ஒற்றைப்படையே.

கடைசி இலக்கத்தின் பயனை நம் சட்டைப்பையிலேயே காணலாம். மலேசிய அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. அவற்றுள் இறுதி இலக்கம் ஆண்களுக்கு ஒற்றைப்படையாகவும், பெண்களுக்கு இரட்டைப்படையாகவும் அமைந்திருக்கும். வீட்டில் உள்ள அட்டைகளை எடுத்துப் பிள்ளைகளுடன் சேர்ந்து பாருங்கள். இறுதியில் 0 உள்ள அட்டை இருப்பின், அது பெண் ஒருவருடையதாகவே இருக்கும். சுழியம் இரட்டைப்படை என்பது இங்கு நடைமுறையிலேயே இருக்கிறது. பாரங்களை நிரப்பும்போது, கணவரின் எண்ணுக்கு மாறாக மனைவியின் எண்ணை எழுதிவிட்டோமா என்று ஒரு நொடியில் சரிபார்க்கவும் இது துணைசெய்யும்.

ஐந்து வெள்ளியைப் பங்கிட முடியாதா?

“ஐந்தை இருவருக்குச் சமமாகப் பங்கிட முடியாது, ஆகவே ஐந்து ஒற்றைப்படை” என்று ஆசிரியர் கூறுகிறார். கடைக்குச் சென்று பழகிய சிறுவன் எழுந்து, “அப்பா எனக்கும் தங்கைக்கும் ஐந்து வெள்ளி கொடுத்தார். ஆளுக்கு இரண்டு வெள்ளி ஐம்பது சென் எடுத்துக்கொண்டோமே!” என்கிறான். இச்சிறுவனை அமரச் சொல்லிவிடுதல் தகாது. அவன் கூறியது உண்மை.

ஒற்றை இரட்டை என்னும் பாகுபாடு முழு எண்களுக்கு மட்டுமே உரியது. பங்கிடும்போது கிடைப்பதும் முழு எண்ணாக இருத்தல் வேண்டும். ஐந்து கோழிக்குஞ்சுகளை இருவருக்குப் பங்கிடுக என்றால் அரைக்குஞ்சு எடுக்க முடியாதல்லவா? இரண்டு வெள்ளி ஐம்பது சென் என்பது முழு வெள்ளியன்று. அதனையே சென்னில் எண்ணினால், 5 வெள்ளி 500 சென் ஆகும். 500 இரட்டைப்படை, ஆளுக்கு 250 சென். எதை ஒன்று என்று கொண்டு எண்ணுகிறோம் என்பது மாறியதால், எண்ணும் மாறிற்று. அதன் வகையும் மாறிற்று. பணம் மட்டும் மாறவில்லை. இரண்டரை, மூன்றேகால் போன்ற பின்னங்கள் ஒற்றையும் அல்ல, இரட்டையும் அல்ல.

இனி, ஒற்றைப்படை எண்களை எவராலும் சமமாகப் பங்கிட முடியாது என்று எண்ணுவதும் தவறு. 9 ரம்புத்தான் பழங்களை மூவருக்கு ஆளுக்கு மூன்றாகப் பங்கிடலாம். இருவருக்குத்தான் இயலாது. இவ்வேறுபாட்டை உணராத மாணவர், மேல் வகுப்பில் ஒற்றைப்படை எண்ணையும் பகா எண்ணையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வர். 9, 15, 21 ஆகியவை ஒற்றைப்படை. ஆயினும் பகா எண்கள் அல்ல. மாறாக, 2 பகா எண், ஆயினும் இரட்டைப்படை. பகா எண்களுள் இரட்டைப்படையாக உள்ளது 2 ஒன்றேயாகும்.

இரட்டைப்படை எண்ணின் பாதியும் இரட்டைப்படையாகவே இருக்கும் என்று எண்ணுவோரும் உளர். 6இன் பாதி 3. 14இன் பாதி 7. நான்கால் மீதமின்றி வகுபடும் எண்களின் பாதி மட்டுமே இரட்டைப்படையாகும்.

இரண்டு தனியர் சேர்ந்தால்

ரப்பர் காய் ஒன்றில் வழக்கமாக மூன்று விதைகள் இருக்கும். மூன்று ஒற்றைப்படை. இரண்டு காய்களை உடைத்தால் ஆறு விதைகள், இரட்டைப்படை. மூன்று காய்களுக்கு ஒன்பது, ஒற்றைப்படை. நான்கு காய்களுக்குப் பன்னிரண்டு, இரட்டைப்படை. இவ்வாறு மாறிமாறி வருவது ஏன்?

ஒவ்வொரு காயிலும் ஓர் இணையும் ஒரு தனி விதையும் உள்ளன. இரண்டு காய்கள் சேரும்போது, இதன் தனி விதையும் அதன் தனி விதையும் தமக்குள் இணையாகிவிடுகின்றன. ஆகவே,

இரட்டை + இரட்டை = இரட்டை
ஒற்றை + ஒற்றை = இரட்டை
ஒற்றை + இரட்டை = ஒற்றை

‘ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் பெரிய ஒற்றை’ என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. தனித்திருந்த இருவர் துணையாயினர் என்று விளக்கினால் உடனே விளங்கிக்கொள்வர். பெருக்கலில் மட்டும் விதி வேறு. பெருக்கும் எண்களில் ஒன்றேனும் இரட்டையாயின் விடை இரட்டை. எல்லாமே ஒற்றையாயின் விடையும் ஒற்றை.

வாசலில் கோலமிடும் நம் பெண்மணிகள் இக்கணக்கை நாள்தோறும் கையாள்கின்றனர். நேர்ப்புள்ளிக் கோலத்தில் நடுவரிசை 7 புள்ளி என்றால், அடுத்த வரிசை இருபுறமும் ஒவ்வொன்று குறைந்து 5, பின்னர் 3, பின்னர் 1. எட்டுப் புள்ளியில் தொடங்கினால் 6, 4, 2 என்று செல்லுமேயன்றி 1இல் முடியாது. இரண்டைக் குறைத்தால் எண்ணின் வகை மாறாது என்னும் உண்மை, புள்ளி வடிவில் அங்கே நிற்கிறது.

நாட்காட்டி காட்டும் வேடிக்கை

ஒற்றையும் இரட்டையும் மாறிமாறி வரும் என்றோம். ஆனால் நாட்காட்டியில் மட்டும் இரண்டு ஒற்றைகள் அடுத்தடுத்து வருவதைக் காணலாம். ஜனவரி 31க்கு அடுத்த நாள் பிப்ரவரி 1. இரண்டும் ஒற்றைப்படை. எண்கள் ஒழுங்கு தவறவில்லை. மாதம் மாறும்போது நாம்தாம் மீண்டும் 1இலிருந்து எண்ணத் தொடங்குகிறோம்.

இதனால் விளையக்கூடிய தீங்கைச் சிறுதோட்டம் வைத்திருப்போர் கருத்தில் கொள்ளல் வேண்டும். நாள் விட்டு நாள் பால் வெட்டுவது நெடுங்கால வழக்கம். வெட்டிய மரத்திற்கு ஒருநாள் ஓய்வு தருவதே அதன் நோக்கம். நினைவில் வைப்பது எளிதென்று, ஒருவர் ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். 31ஆம் தேதி வெட்டிய மரத்தை, மறுநாள் 1ஆம் தேதியும் வெட்டிவிடுவார். 31 நாள்களைக் கொண்ட மாதங்கள் ஏழு. ஆகவே ஆண்டுக்கு ஏழுமுறை மரம் தன் ஓய்வை இழக்கிறது. பிப்ரவரி 29 வரும் ஆண்டில் எட்டுமுறை. அளவுக்கு மீறிய வெட்டு, பட்டை காய்ந்து பால் நின்றுபோவதற்குக் காரணங்களுள் ஒன்று என்பதை நாம் அறிவோம்.

கிழமையைக் கொண்டு கணக்கிடுவதும் உதவாது. வாரத்தின் நாள்கள் 7; அஃது ஒற்றைப்படை. இவ்வாரம் திங்கட்கிழமை வெட்டினால், நாள் விட்டு நாள் என்னும் முறைப்படி அடுத்த வாரம் திங்கள் ஓய்வு நாளாகிவிடும். எனவே, தேதியையும் கிழமையையும் பாராமல், நாட்காட்டியில் ஒருநாள் விட்டு ஒருநாள் குறியிட்டுச் செல்வதே நேரிய வழி. அவ்வாறு குறியிட்டால், ஜனவரியில் ஒற்றைத் தேதிகளும், சாதாரண ஆண்டின் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரட்டைத் தேதிகளும், ஏப்ரலில் மீண்டும் ஒற்றைத் தேதிகளும் வரும். 31 நாள் மாதம் முடிந்தவுடன் வகை மாறும். 30 அல்லது 28 நாள் மாதம் முடிந்தால் மாறாது.

இரு குடும்பங்கள் ஒரு பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும்போதும் இதே கவனம் தேவை. ‘ஒற்றைத் தேதி உங்களுக்கு, இரட்டைத் தேதி எங்களுக்கு’ என்று கோயில் கூட்டும் பணியைப் பிரித்துக்கொண்டால், சமமாகப் பிரித்ததுபோல் தோன்றும். ஆனால் 365 நாள் கொண்ட ஆண்டில் ஒற்றைத் தேதிகள் 186. இரட்டைத் தேதிகள் 179. ஒரு குடும்பம் ஏழு நாள் கூடுதலாக உழைக்கும். மனக்கசப்பு வந்தபின் ஆராய்வதைவிட, முன்னரே எண்ணிப் பார்ப்பது நன்று.

அண்டை நாடான இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில், நெரிசலைக் குறைக்கும்பொருட்டு 2016ஆம் ஆண்டில் ஒற்றை இரட்டை முறை கொண்டுவரப்பட்டது. ஒற்றைத் தேதிகளில் ஒற்றை எண்ணில் முடியும் வாகனங்களும், இரட்டைத் தேதிகளில் இரட்டை எண்ணில் முடியும் வாகனங்களுமே குறிப்பிட்ட சாலைகளில் செல்லலாம். அங்கும் 0இல் முடியும் வாகனம் இரட்டை வகையிலேயே சேர்க்கப்படுகிறது.

வழக்கம் வேறு, கணக்கு வேறு

நம் திருமணங்களில் 51 வெள்ளி, 101 வெள்ளி என ஒன்று கூட்டி மொய் எழுதுவது மரபு. 100 இரட்டைப்படை, அதனுடன் ஒரு வெள்ளி சேர்ந்தவுடன் ஒற்றைப்படை ஆகிறது. மலாய்த் திருமணங்களிலும் சீர்த்தட்டுகளை ஒற்றைப்படையில் வைப்பதே பெருவழக்கு. சீனர்களோ மங்கல நிகழ்ச்சிகளில் இரட்டைப்படைத் தொகையையே விரும்புவர். இரங்கல் பணத்தை ஒற்றைப்படையில் தருவர். இரட்டைப்படையாயினும் 4ஐ அவர்கள் தவிர்ப்பர். அதன் ஒலி இறப்பைக் குறிக்கும் சொல்லை ஒத்திருப்பதே காரணம்.

ஆகவே, சீன நண்பர் இல்லத் திருமணத்திற்குச் செல்வோர், நம் வழக்கப்படி 101 வெள்ளியை உறையிலிடாமல் இரட்டைப்படைத் தொகையை இடுவது அவரை மதிப்பதாகும். இவை அன்பும் மரபும் சார்ந்த வழக்கங்கள், அறிந்து போற்றத்தக்கவை. ஆனால் ஓரினத்தார்க்கு மங்கலமானது மற்றோரினத்தார்க்கு அவ்வாறில்லை என்பதிலிருந்தே, எண்ணில் நல்லதும் தீயதும் இல்லை என்பது விளங்கும்.

பயிற்சி

பிள்ளைகளுடன் அமர்ந்து கீழ்வரும் வினாக்களுக்கு விடை காணுங்கள்.

1. 97,530, 24,681. இவற்றுள் எது இரட்டைப்படை?
2. ஐந்து ரப்பர் காய்கள். ஒவ்வொன்றிலும் மூன்று விதைகள். விதைகளை எண்ணாமலே, மொத்தம் ஒற்றையா, இரட்டையா எனக் கூறுக.
3. அண்ணன் தம்பையைவிட ஒரு வயது மூத்தவன். இருவர் வயதையும் கூட்டினால் வருவது எவ்வகை எண்? பத்தாண்டுகளுக்குப் பின் வகை மாறுமா?
4. ஒருவரிடம் 5 சென் நாணயங்கள் மட்டுமே உள்ளன. நாணயங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை. மொத்தம் 80 சென் இருக்க முடியுமா?

விடைகள்

1. 97,530. கடைசி இலக்கம் 0, எனவே இரட்டைப்படை. 24,681 ஒற்றைப்படை.
2. ஒற்றைப்படை. ஐந்து தனி விதைகளுள் நான்கு தமக்குள் இணை சேர, ஒன்று எஞ்சும்.
3. எப்போதும் ஒற்றைப்படை. அடுத்தடுத்த இரு எண்களில் ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை. ஆண்டுதோறும் இருவருக்கும் ஒவ்வொரு வயது கூடுவதால், மொத்தத்தில் இரண்டு கூடும், வகை மாறாது.
4. முடியாது. இரண்டு 5 சென் சேர்ந்தால் 10 சென். ஒரு நாணயம் தனித்து நிற்பதால் தொகை 5இல்தான் முடியும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

பிள்ளை தவறான விடை சொன்னால், ‘தவறு’ என்று கூறுவதற்கு முன் ‘ஏன் அப்படிச் சொல்கிறாய்?’ என்று ஒருமுறை கேளுங்கள். காரணம் தெரிந்தால், திருத்த வேண்டியது ஒரு சொல்லாகவோ ஒரு சிறு விதியாகவோதான் இருக்கும். காரணம் கேளாமற்போனால், திருத்த முடியாதபடி வளர்ந்துவிடுவது பிள்ளையின் அச்சம். ஐந்து மதிப்பெண் பெற்ற அம்மாணவியிடம் நாம் கேட்கத் தவறியது அவ்வொரு கேள்வியையே. மூத்த ஆசிரியை கேட்டறிந்த பின்னர், விதைகளை அவள் கையில் கொடுத்து இணை சேர்க்கச் சொன்னோம். ஒரே பாடவேளையில் பத்துக்குப் பத்தும் சரியாக எழுதினாள். மீண்டும் அவள் தானாகக் கைதூக்குவதற்கோ, அந்த ஆண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்குப் பெற்றோர் கணிதம் கற்றிருக்க வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி விதையும், அரைமணி நேரமும், கேட்கும் பொறுமையும் இருந்தால் போதும். இன்று மாலையே கையை மூடி நீட்டிக் கேளுங்கள்: ஒற்றையா, இரட்டையா? இடையில் ஒருமுறை வெறுங்கையையும் நீட்டிப் பாருங்கள்.